நான்காவது பேரிங்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குவாரிப் பட்டறையில் சிமெண்டுத் தரையில் படுக்காதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகையில் நிற்கிற டிராக்டரை இரண்டாகப் பிரித்து, என்ஜினை வெளியே தூக்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் சரிபார்த்து மறுபடி பூட்டப்போகிறேன். சிரிக்காதே. டவுன் பட்டறையில் கேட்டாகிவிட்டது. வரிசையில் பதினோரு வண்டி நிற்கிறது, மழைக்குள் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். போன வருஷம் வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து, ஈரம் காய்ந்த பிறகுதான் விதைத்தோம். பாதி முளைக்கவே இல்லை. இந்த வருஷமும் அப்படியென்றால் மேற்கு வயலை யாருக்காவது விட்டுவிட வேண்டியதுதான்.

அது மட்டும் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அண்ணா. பத்து மாதமாக அது தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய நாள் கண்முன் வந்து நிற்கிறது.

அவர் இன்னும் துறைமுகக் கிடங்கில்தான் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மாதம் ஒரு கடிதம் அவர் அம்மாவுக்கு வரும். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். வாசிப்பது நான்தான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் என்னைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது. அம்மாவின் மூட்டுவலியை மூன்று வரி விசாரித்திருப்பார். ஆடு குட்டி போட்டதா என்றுகூடக் கேட்டிருப்பார்.

போன வருஷம் அந்த என்ஜினைப் பிரித்துப் பூட்டியவன் நீ. எங்கே தொடங்குவது, எதைத் தொடக்கூடாது என்று எழுது.

உன் தங்கை

—

ஜனவரி 21

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

முதுகுவலி இருக்கத்தான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உனக்கு என்ன வந்தது? அது தையல் மிஷினா, மூடியைக் கழற்றி எண்ணெய் விட்டு மூடுவதற்கு? என்ஜின் மட்டும் ஒரு மாட்டின் எடை இருக்கும். பிரிக்கும்போது முன்பாதி கவிழ்ந்தால் கால் போய்விடும். எங்கள் பட்டறையில் ஒருவனுக்குப் போயிருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

இன்னொன்று, ஆயில் இல்லாமல் ஓட்டிய என்ஜினில் உள்ளே எதுவும் மிஞ்சாது. எவ்வளவு செய்தாலும் பாழ்தான். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வழி பார். மாப்பிள்ளையைப் பற்றி நான் மறுபடி பேசப்போவதில்லை. அன்றைக்குப் பேசியதே போதும்.

நீ பிடிவாதக்காரி என்பது தெரியும். ஜூனில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வந்து பார்க்கிறேன். அதுவரை தார்ப்பாயைக் கழற்றாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

—

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை எழுது, முதுகுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு.

உன் கடிதம் வருவதற்கு முன்பே தார்ப்பாயைக் கழற்றிவிட்டேன். சீட் மெத்தைக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. பானட், ரேடியேட்டர், டீசல் டேங்க் மூன்றையும் இறக்கியாயிற்று. கழற்றும் நட்டுகளை வெவ்வேறு ஜாடியில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு ஒட்டுகிறேன். சமையலறையில் ஜாடி எல்லாம் தீர்ந்துவிட்டது. அத்தை என்னோடு நேராகப் பேசுவதில்லை, ஆட்டிடம்தான் பேசுகிறார். "இந்த வீட்டுல இனிமே உப்புக்குப் பதிலா நட்டுதான்" என்று நேற்று ஆட்டிடம் சொன்னார்.

ஆயிலையும் இறக்கினேன். கீழே வைத்த ஏழு லிட்டர் வாளி விளிம்பு வரை நிறைந்துவிட்டது. வழியப்போகிறதே என்று கேன் தேடி ஓடினேன். வண்டி நின்ற அன்றைக்கு நீதான் என்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க ஊற்றியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே?

அன்று, நீ பூட்டிக் கொடுத்து மூன்றாம் நாள். ஊருக்குக் கிளம்ப இஸ்திரி போட்ட சட்டையோடு நீ நின்றாய், வழியனுப்ப வந்தவர்கள் வாசல் நிறைய. எதிர் வயலில் வண்டி திடீரென்று இறுகி நின்றது. எல்லோரும் போய்ச் சூழ்ந்துகொண்டோம். நீ ஆயில் குச்சியை உருவித் தூக்கிக் காட்டினாய். சொட்டு ஆயில் இல்லை. அவர் காலையில் பார்த்தேன் என்றார், ஆயில் மீட்டர் முள் சரியாகத்தான் நின்றது என்றார். அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். "ஒரு குச்சியைப் பார்க்கத் தெரியாதவருக்கு டிராக்டர் எதுக்கு?" அவர் இரண்டே வாரத்தில் கிளம்பிவிட்டார்.

ஊர் வெல்டிங்காரர் என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக் இரவல் தருகிறார். முன்பாதி கவிழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அதையாவது எழுது.

உன் தங்கை

—

பிப்ரவரி 20

பாப்பாவுக்கு,

நீ பிடித்தால் பிடித்த பிடிதான், அப்பா பேச்சே உன்னிடம் செல்லாது, என் பேச்சு எங்கே செல்லும். கால் போகாமல் இருக்கவாவது நான் சொல்கிறபடி செய்.

முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்குகிறது, இரண்டு பக்கமும் ஆடும். பின்பாதியோடு சேர்ந்திருக்கிறவரை வண்டி நிற்கும். பிரிந்த மறுநிமிஷம் என்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் அச்சுக்கும் என்ஜினுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்கிவிட்டுத்தான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பின்பாதிக்குக் கியர் பாக்ஸுக்கு அடியில் கனமான கட்டை கொடு. பின்சக்கரத்துக்கும் கல் வை. முன்பாதியை அதன் சக்கரத்திலேயே முன்னால் உருட்டிவிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே.

எல்லா போல்ட்டையும் கழற்றிய பிறகும் பிரிய மாட்டேன் என்றால், கடப்பாரையால் நெம்பாதே. எங்கேயோ ஒரு போல்ட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். தேடு.

என்ஜினை எடுத்த பிறகு மேலே உள்ள ஹெட்டை மட்டும் கழற்று, வால்வைச் சுத்தம் செய், மூடிவிடு. கீழே ஆயில் தேங்குகிற சம்ப்பைத் திறக்காதே. பேரிங் வேலை கைப்பழக்கம் உள்ளவன் செய்ய வேண்டியது. அதை என்னிடம் விட்டுவிடு.

இங்கே கல் உடைக்கிற சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. மற்றபடி நலம்.

அண்ணன்

—

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

கை நிறையக் கீறலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.

வண்டி பிரிந்துவிட்டது.

புளியங்கட்டையில் ஆப்பு செதுக்கி, வெல்டிங்காரர் சம்மட்டியால் அடித்து இறுக்கினார். சுற்றிலும் எல்லா போல்ட்டும் கழற்றி, எண்ணி, ஜாடியில் போட்டோம். தள்ளினோம். அசையவில்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினோம். வெல்டிங்காரர் கடப்பாரையைக் கையில் எடுத்தேவிட்டார், நான் குறுக்கே நின்றேன். அப்போது ஆட்டைக் கட்ட வந்த அத்தை, குனிந்து உள்ளே பார்த்து, "ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. கண்ணு எங்க போச்சு?" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. திட்டுதான், இருந்தாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த போல்ட்டைக் கழற்றியதும் வண்டி உள்ளங்கை அகலத்துக்கு வாய் திறந்தது. அதற்குப் பிறகு முன்பாதி தானாக உருண்டது.

என்ஜினைத் தூக்கி வெல்டிங்காரர் செய்துகொடுத்த இரும்பு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம். நேற்று ஹெட்டையும் கழற்றினேன். அதில்தான் ஒரு சந்தேகம். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் சிலிண்டர் சுவரெல்லாம் பிராண்டிப் போயிருக்கும் என்று வெல்டிங்காரர் சொல்கிறார். மூன்று சிலிண்டரிலும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது.

இறுகிப்போன என்ஜினுக்கு மேல்மூடியை மட்டும் கழற்றி மூடினால் என்ன பிரயோஜனம் என்றும் அவர் கேட்டார். நீதான் சொல்ல வேண்டும். வாளி நிறைய வந்த ஆயிலைப் பற்றிக் கேட்டிருந்தேன், அதற்கும் நீ ஒன்றும் எழுதவில்லை.

உன் தங்கை

—

ஏப்ரல் 14

பாப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே இரண்டு லாரி ஒரே வாரத்தில் படுத்துவிட்டன, மேஸ்திரி என்று பெயர் வந்ததிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. ரூமையும் மாற்றிவிட்டேன். பழைய ரூமில் தூக்கமே வரவில்லை. புது ரூமிலும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

நீ பிரித்த விதம் சரி. சொன்னபடி ஆப்பு அடித்ததற்குச் சந்தோஷம். அத்தை பேசியதற்கும்.

சிலிண்டர் சுவரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சில சமயம் அப்படி இருக்கும். ஹெட்டுக்குப் புது பேக்கிங் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டு மூடிவிடு. தூசி உள்ளே போகும். ஜூனில் கட்டாயம் வருகிறேன். லீவு கிடைக்காவிட்டாலும் வருகிறேன். கீழ்ப்பக்கத்தை நான் வந்து நானே திறக்கிறேன். இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

மாப்பிள்ளை ஏதாவது எழுதினாரா? என்னைப் பற்றி ஏதாவது?

அண்ணன்

—

ஏப்ரல் 28

அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பார்சல் வந்தது. பேக்கிங் அளவு சரியாக இருக்கிறது.

அதைப் போடவில்லை. என்ஜினைக் கவிழ்த்து சம்ப்பைத் திறந்துவிட்டேன். திறக்காதே என்று மூன்று கடிதத்தில் மூன்று காரணம் எழுதினாய். மழை வர இரண்டு மாதம்கூட இல்லை, நான் யாருக்காகக் காத்திருப்பது?

நடுவில் சுற்றுகிற தண்டான கிராங்கைத் தாங்குகிற மெயின் பேரிங் நான்கு. ஒவ்வொன்றும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அரைவட்டத் தகடு. முதல் மூன்றும் புதிதாக மின்னுகின்றன. நான்காவது, கிளட்ச் பக்கம் இருப்பது, கருகித் தேய்ந்து கிராங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டிய பிஸ்டன் பேரிங்கும் கருகல்.

கிராங்கைக் கடைசல் பிடிக்க லேத் பட்டறைக்கு வண்டி பிடித்துக் கொண்டுபோனேன். கருகிய தகடுகளையும் எடுத்துப் போயிருந்தேன். லேத்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று கேட்டார். சீட்டு ஒட்டி வைத்திருந்ததால் காட்டினேன். மேல் தகட்டில் ஒரு துளை இருக்க வேண்டுமாம், அது வழியாகத்தான் ஆயில் உள்ளே வருமாம். இதில் துளை உள்ளது கீழே இருக்கிறது. துளையில்லாதது மேலே போய் ஆயில் வருகிற வழியை அடைத்திருக்கிறது. "வாளி வாளியா ஊத்தினாலும் இதுக்கு ஒரு சொட்டு போயிருக்காது. யார் பூட்டினது?" என்று கேட்டார்.

யாரென்று தெரியாது, பழைய வண்டியாக வாங்கினோம் என்று சொல்லிவிட்டேன். வாயில் தானாக வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தவறு யாருக்கும் வரும், அண்ணா. தகடு மாறிப்போனதைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்தக் குச்சி எப்படிக் காய்ந்திருந்தது?

உன் தங்கை

—

மே 21

அண்ணனுக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது. குவாரி ஆபீசுக்குப் போன் போட்டேன், நீ வேலையில்தான் இருக்கிறாய், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நல்லது.

கிராங்க் கடைசல் முடிந்து வந்துவிட்டது. புது பேரிங் போட்டு, துளையைத் துளைக்கு நேராகப் பார்த்து, லேத்காரரை வீட்டுக்கே அழைத்து வந்து காட்டிய பிறகுதான் பூட்டினேன். கை வேலையில் இருக்கும்போது கொஞ்சம் பரவாயில்லை. வேலை ஓய்ந்தால் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. "குட்டி போட்ட பூனை தோத்துது போ" என்கிறார் அத்தை.

நீ என்ன எழுதப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். மென்று முழுங்காமல் எழுதிவிடு.

தங்கை

—

மே 30

பாப்பாவுக்கு,

எத்தனை காகிதம் கிழித்தேன் என்று கேட்காதே.

அந்த நான்காவது பேரிங்கைப் பூட்டிய அன்று கொட்டகையில் ஒரே கூட்டம். குவாரி எப்படி, சம்பளம் எப்படி, என் பையனுக்கு அங்கே ஒரு வேலை பார் என்று ஆளாளுக்குப் பேச்சு. நானும் மேஸ்திரியான ஜோரில் பதில் சொல்லிக்கொண்டே பூட்டினேன். முதல் மூன்றையும் துளை பார்த்துத்தான் போட்டேன். நான்காவதைப் பார்த்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதே அன்று வயலில் வண்டி நின்ற பிறகுதான் உறைத்தது.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் குச்சியை உருவினேன். மேல்கோடு வரை ஆயில் இருந்தது, பாப்பா. எப்போதும் செய்கிற மாதிரி முதலில் துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டு, மறுபடி உள்ளே விட்டு எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். நான் மறுபடி விடவில்லை. துடைத்த குச்சியை அப்படியே தூக்கிக் காட்டினேன். முன்கூட்டி யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கை தானாகச் செய்தால் வாயாவது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம்.

மெக்கானிக் என்பதைத் தவிர நம் சொந்தத்தில் எனக்கு வேறு பெயர் இல்லை. அது போய்விடுமே என்று பயந்தேன். நீ அவரை அப்படிக் கேட்டதும், போகட்டும், புருஷன் பெண்டாட்டி இரண்டு நாளில் சேர்ந்துவிடுவார்கள் என்று பஸ் ஏறிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு அனுப்பு. அன்று வாசலில் நின்றவர்களுக்கும் படித்துக் காட்டு. நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

அண்ணன்

—

ஜூன் 5

மகனுக்கு அம்மா சொல்ல எழுதுவது.

ஏப்பா, நல்லா இருக்கியா. கடல் காத்துல நிக்காத. எனக்கு மூட்டு அப்படியேதான் இருக்கு, ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. இவ டிராக்டரை ரெண்டா வகுந்து போட்டுட்டா, எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் உள்ள ஒரு நட்டு கெடக்கு. நீ தப்பு பண்ணலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பெத்தவ சொல்லு எவ காதுல ஏறுது. இப்ப என்ஜினே சொல்லிடுச்சு. அவ அண்ணன் எழுதின காகிதத்தை இதோட வெச்சிருக்கு, படிச்சுப் பாரு. இவ அழுதுக்கிட்டே எழுதறா, எழுத்து கோணலா இருந்தா அதான் காரணம். இதை எழுதாதேங்கிறா. எழுதுடீன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு அம்மா.

அத்தை சொன்னது முடிந்தது. கீழே உள்ளது நான் எழுதுவது.

வணக்கம். என் அண்ணன் கடிதத்தை அன்று நின்ற பதினைந்து பேர் வீட்டுக்கும் கொண்டுபோய் நானே வாசித்துக் காட்டினேன். சிலர் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் எங்களுக்கு அப்போதே சந்தேகம் என்றார்கள். லேத்காரரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். என்ஜின் தயாராகிவிட்டது. இனி இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும். ஒருவர் முன்னால் என்ஜின் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுக்க, இன்னொருவர் தள்ள வேண்டும். வேலை தெரிந்த ஆள் இருந்தால்தான் முடியும். மழை நெருங்கிவிட்டது.

—

ஜூன் 18

உனக்கு,

நலம். அம்மாவை மூட்டுக்கு வெந்நீர் ஊற்றச் சொல்.

உன் அண்ணன் கடிதத்தைப் படித்தேன். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அன்று காலையிலேயே என்ஜினின் பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம் வந்தது. நிறுத்திவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். குளித்துக்கொண்டிருந்தார். "புது பேரிங் அப்படித்தான் பேசும், ஓட ஓடச் சரியாயிடும், ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றார். மறந்திருப்பார், அல்லது அதையும் எழுத மனம் வந்திருக்காது. போகட்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவாக இல்லை.

பதினைந்து பேருக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருக்கிறாய். அவர்களுக்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. குச்சியை இன்னொரு தடவை விட்டு எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நீதான் அதற்குப் பக்கத்தில் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் அண்ணனைப் பார்த்தாய்.

இரண்டு பாதியைச் சேர்க்க வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்கிறாய். ஆளுக்கு வெல்டிங்காரர் இருக்கிறார். கிளட்ச் தகடு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தள்ளச் சொல். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுக்க வேண்டாம், என்ஜின் கூடு விரிசல் விட்டுவிடும்.

—

ஜூன் 26

உங்களுக்கு,

அத்தை நலம், வெந்நீர் ஊற்றுகிறேன். நான் நலமில்லை, அதனால் அப்படி எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாளே வெல்டிங்காரரைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஆனது. அவர் பின்னால் தள்ளினார், நான் படுத்துக்கொண்டு என்ஜின் சக்கரத்தைப் பல்லுப் பல்லாகத் திருப்பினேன், அத்தை இடைவெளியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு விரல், ஒரு விரல், நகக்கண். நீங்கள் எழுதியபடி போல்ட்டை முறுக்கி இழுக்கவில்லை. தானாகப் போய் உட்கார்ந்த பிறகுதான் பூட்டினோம். டீசல் குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றி, மூன்றாவது தடவை சாவி போட்டதும் ஓடியது. ஒரு மணி நேரம் சும்மாவே ஓட விட்டுப் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். எந்தச் சத்தமும் இல்லை. முந்தாநாள் மழை பெய்தது. நேற்று மேற்கு வயலை நானே உழுதேன். கோணலாக இருக்கிறது, ஆனால் ஈரத்தோடு உழுதாகிவிட்டது. இன்று விதைத்துவிட்டோம்.

அண்ணனுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. 

நீங்கள் எழுதியது சரி. நான் குச்சியைப் பார்க்கவில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நீங்கள் சொன்னால் சாக்காகத்தான் இருக்கும் என்று எனக்குள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எப்போது அப்படி முடிவு செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. அதற்கு அண்ணன் பொறுப்பில்லை. அது என்னுடையது. என்னை மன்னியுங்கள். இதை அத்தை சொல்லி எழுதவில்லை. அவர் தூங்குகிறார்.

போன கடிதத்தில் ஆள் வேண்டும் என்று எழுதினேன். வாருங்கள் என்று எழுதப் பயந்துதான் அப்படி எழுதினேன். இப்போது டிராக்டர் ஓடுகிறது. விதைப்பு முடிந்துவிட்டது. இங்கே உங்களை வைத்து ஆக வேண்டிய வேலை எதுவும் பாக்கி இல்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். வாங்க.